நாலு பேர் திரும்பிப் பார்த்தால்

இனிமேல் செத்தாலும் மச்சானுடைய காரில் ஏறுவதில்லை என்று ரூட்டு சார் முடிவெடுத்தது நடுவானத்தில். முன்சீட்டுக்காரர் சாய்ந்து சாய்ந்து இவர் மடிமேலேயே படுத்துவிட்டிருந்தார். பெல்ட் வேறு தொந்தியை இறுக்கியது. அந்த நிலைமையிலும் ஒரு மனுஷன் முடிவெடுக்கிறான் என்றால் அவன் எவ்வளவு நொந்துபோயிருக்க வேண்டும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டைல்ஸ் கடை முதலாளி. தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கார் வைத்திருக்கிறார். தங்கை எங்கே போய்விட்டுத் திரும்பினாலும் ஏர்போர்ட் வாசலில் அந்தக் காரோடு ஆஜராகிவிடுவார். தங்கை மேல் பாசம், இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ரூட்டு சார் ஏறப் போகும்போது, "மாப்ளே, செருப்பைத் தட்டிட்டு ஏறுங்க" என்பார். ஏறின பிறகு, "கதவை மெதுவாச் சாத்துங்க மாப்ளே, இது பஸ்ஸு இல்ல" என்பார். பாதி வழியில் ரோட்டோரம் கூட்டமாக நிற்கிற ஜனங்களைக் காட்டி, "பாவம், உங்க பஸ்ஸுக்குத்தான் காத்துக் கெடக்குதுங்க போல" என்பார். ஒரு அதிகாரியிடம் பேசுகிற பேச்சா இது?

அதுவும் எப்பேர்ப்பட்ட அதிகாரி! போக்குவரத்துத் துறை, வழித்தடப் பிரிவு. மேஜை முழுக்க ஊர் வரைபடத்தை விரித்துவைத்து, எந்த பஸ் எந்தத் தெருவில் நுழைந்து எந்தத் தெருவில் வெளியே வர வேண்டும் என்று பென்சிலால் கோடு போடுகிறவர். அவர் போட்ட கோட்டில்தான் ஊரே ஓடுகிறது. அதனால்தான் ஆபீஸிலும் அக்கம்பக்கத்திலும் அவருக்கு ரூட்டு சார் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி.

இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்துகொண்டு, கார் வாங்கியே ஆக வேண்டும் என்கிறாள் மனைவி. அக்கம்பக்கத்தார் சாரம்மா என்று கூப்பிடுவார்களே, அந்த அம்மாள்தான். வாங்க முடியாது என்கிறார் இவர். இவர் கார் வாங்கினால், இத்தனை காலமும் போட்ட கோடெல்லாம் தண்டம் என்று இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? மச்சான் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிக்க மாட்டாரா? அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்தே அவர் பிடிவாதமாக இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அவர் பேச்சு எடுபட்ட விஷயம் இது ஒன்றுதான். இதையும் விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் அவர் வீட்டில் எதற்கு?

மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு இருவரும் திரும்பி வருகிறார்கள். பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சாரம்மாவுக்குப் போன் வந்தது.

"அண்ணன் வெளிய வந்து நிக்கிறாராம்."

"நிக்கட்டும்."

"கார் கொண்டாந்திருக்காராம்."

"ஏரோப்ளேனே கொண்டாந்திருந்தாலும் நான் ஏறப் போறதில்ல."

"என்னங்க திடீர்னு?"

"திடீர்னு இல்ல. மேலேயே முடிவு பண்ணிட்டேன். எனக்கும் மானம் ரோஷம் இருக்கு. ரயிலு இருக்கு. நான் கோடு போட்ட பஸ்ஸு இருக்கு. ஏர்போர்ட்லேர்ந்து ஊர் நடுவுக்கு எப்படிப் போறதுன்னு வாசல்ல போர்டு வெச்சிருக்காங்களே, அதுல இருக்கிறதை எழுதிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"எழுதின நானே அதன்படி போகலைன்னா வேற எவன் போவான்?"

சாரம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்றதும் சரிதாங்க. அண்ணனைக் கிளம்பச் சொல்லிடறேன்" என்றாள்.

ரூட்டு சார் உஷாரானார். அவள் சண்டை போட்டிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். 'நீங்க சொல்றதும் சரிதாங்க' என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் வீட்டில் ஏதாவது ஒரு புது சாமான் வந்து இறங்கியிருக்கிறது.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள்.

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க ரயிலும் பஸ்ஸும் அவ்வளவு சொகமா இருந்தா, நீங்க யார்கிட்டயும் கத்த வேண்டிய அவசியமே வராது இல்லையா?"

"நான் எங்க கத்துவேன்?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். ரூட்டு சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கத்துவார். ஆனால் கத்துவதாக அவருக்கே தெரியாது. எடுத்துச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொள்வார். ஒரு தடவை துணிக்கடையில் சட்டை அளவு பற்றி எடுத்துச் சொன்னபோது, மாடியில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்துப் படியில் இறங்கி ஓடினார்கள்.

"அப்ப சரி," என்றாள் சாரம்மா. "இங்கேர்ந்து நம்ம வீட்டு வாசப்படி ஏறி உள்ள கால் வெக்கிற வரைக்கும் நீங்க கத்தாம வந்துட்டீங்கன்னா, இனிமே ஜென்மத்துக்கும் கார்ங்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். கத்திட்டீங்கன்னா கார் வாங்கணும். சம்மதமா?"

"எது கத்தறது, எது பேசறதுன்னு யாரு தீர்மானிக்கிறது? நீயா?"

"நான் எதுக்கு? நாலு பேர் திரும்பிப் பார்த்தா கத்தினது. மூணு பேர் வரைக்கும் பேச்சு. சரிதானே?"

நியாயமாகத்தான் பட்டது. மூணு பேர் வரைக்கும் சலுகை வேறு இருக்கிறது. ஜென்மத்துக்கும் கார்ப் பேச்சு கிடையாது! மச்சானின் மூஞ்சி எப்படித் தொங்கிப்போகும் என்று ஒரு கணம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். இனித்தது.

"சம்மதம்," என்றார்.

அப்போதுதான் பெல்ட்டில் கம்பளம் வந்தது. மகள் வீட்டு ஹாலில் கிடந்த பழைய கம்பளம். அவள் தூக்கிப் போட இருந்ததை, "எனக்குக் குடுடி" என்று சாரம்மா ஆசையாகக் கேட்டு வாங்கிச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆள் உயரம். ஒரு ஆள் கனம். சாரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கம்பளமும் பெரிய பெட்டியும் யார் தலையில் விழுந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாசலுக்கு வந்தார்கள். போர்டு கம்பீரமாக நின்றது. 'நகர மையத்துக்கு' என்று மேலே கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, ரயில், அருகில். பஸ், வாசலில். கடைசியில், கண்ணுக்கே தெரியாத அளவில், டாக்ஸி, தேவைப்பட்டால். டாக்ஸியும் கார்தானே? அதற்கு இந்த மரியாதை போதும் என்பது ரூட்டு சாரின் அபிப்பிராயம்.

"எதுலங்க போறோம்?"

"ரயில்ல. அருகில்னு போட்டிருக்கு பாரு."

நடந்தார்கள். ஒரு நீளமான நடைபாதை வந்தது. அது முடிந்து இன்னொரு நீளமான நடைபாதை வந்தது. நிற்பவர்களை அதுவே நகர்த்திக்கொண்டு போகிற பட்டை ஒன்று நடுவில் இருந்தது. அது ஓடவில்லை. அதன்மேல் இவர்கள்தான் நடந்தார்கள். ரூட்டு சார் வழி பார்க்கத் திரும்பினால் தோளில் இருந்த கம்பளமும் கூடவே திரும்பியது. வந்தவர் போனவர் எல்லாரும் குனிந்து குனிந்து தப்பித்தார்கள்.

"ஏங்க, அருகில்னா எவ்வளவு அருகில்?"

அவர் கம்பளத்தைத் தோள் மாற்றிக்கொண்டார். என்னவென்று சொல்வார்? ஆபீஸ் வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் ஏர்போர்ட்டும் ரயிலடியும் ஒரே விரலுக்குள் மறைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அருகில் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய கட்டைவிரல் கொஞ்சம் பெரிசு.

படிக்கட்டு வந்தது. பக்கத்தில் இருந்த லிஃப்டின் மேல் 'பழுது' என்று ஒட்டியிருந்தது. இறங்கினார்கள். கம்பளம் முதலில், பெட்டி அடுத்து, மூச்சு வாங்க அவர் கடைசியில். கீழே ரயிலடி வாசலில் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. அதில் ஒரு அட்டை தொங்கியது. பராமரிப்பு வேலை நடப்பதால் ரயில் இல்லையாம். பயணிகள் ஏர்போர்ட் வாசலில் பஸ் ஏறிக்கொள்ள வேண்டுமாம்.

இதை அங்கேயே, அந்தப் போர்டு பக்கத்திலேயே தொங்கவிட்டால் என்ன கேடு? சொல்லுங்கள்! இவ்வளவு தூரம் நடக்கவைத்து, படி இறங்கவைத்து, அப்புறம்தான் சொல்வீர்களா? ரூட்டு சாருக்கு நரம்பெல்லாம் புடைத்தது. வாயைத் திறந்தார். சுற்றிலும் ஜனம். எல்லாரும் அவரைப் போலவே ஏமாந்து நிற்கிற ஜனம். திரும்பிப் பார்க்கத் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"ஏங்க, காது ரெண்டும் செவந்திருக்கு."

"வெயில்."

"நாம தரைக்கு அடியில நிக்கிறோங்க."

"புழுக்கம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுபடி படி. மறுபடி நடைபாதை. மறுபடி நடைபாதை. கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்தபோது அதே போர்டு அதே கம்பீரத்தோடு நின்றது. அதன் நிழலில் ஒரு டாக்ஸி டிரைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"சார், ஊருக்குள்ளதானே? வாங்க சார். ஜம்முனு போயிடலாம். கம்பளத்தை மேல கட்டிக்கலாம்."

"வேண்டாம்," என்றார் ரூட்டு சார்.

"பெரியவர் ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க சார்."

பெரியவர்! தலையில் நாலு முடி நரைத்துவிட்டால் பெரியவரா? இவருக்கு என்ன வயசாகிவிட்டது? சாரம்மா பக்கத்தில் நின்று, சின்ன எழுத்தை உற்றுப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"தேவைப்பட்டால்னு போட்டிருக்குங்க. இப்ப தேவைப்படுதுங்களா?"

"தேவைப்படல."

"இல்ல, கம்பளம் வேற..."

"தேவைப்படலன்னு சொல்றேன் இல்ல!"

டிரைவர் பார்த்தார். பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒரு அம்மாள் திரும்பினாள். அவள் கணவரும் திரும்பினார். மூணு. ரூட்டு சார் சட்டென்று குரலை இறக்கி, "தேவைப்படலம்மா" என்று தேன் ஒழுகச் சொன்னார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சாரம்மா லேசாகப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

பஸ் வாசலில்தான் நின்றது. வாசலில் என்று அவர் எழுதியதில் பொய் இல்லை. இவர்கள் போய்ச் சேரவும் அது கிளம்பவும் சரியாக இருந்தது. கம்பளத்தை ஆட்டி ஆட்டி நிறுத்தச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். நின்றால்தானே? அடுத்த பஸ்ஸுக்காக அந்தக் கம்பளத்தின்மேலேயே உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த ஒரு உபயோகத்துக்காக அவர் கம்பளத்தைக் கொஞ்சம் மன்னித்தார்.

அடுத்த பஸ் வந்தது. ஏறினார்கள். சீட்டு கிடைத்தது. கம்பளம் நடுவழியில் சாய்ந்து நின்றது. ஏறுகிறவர்கள் அதை ஒரு பயணியாகவே நினைத்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார்கள். ரூட்டு சாருக்கு உயிர் வந்தது. இது அவருடைய பஸ். அவருடைய கோடு. இந்தத் தடம் வந்த வருஷம் மேலிடத்தில் கைகுலுக்கினார்கள். இனி வீடுதான். வாசற்படிதான். வெற்றிதான்.

"பார்த்தியா? எவ்வளவு சொகம்?" என்றார்.

"ஆமாங்க. இந்த பஸ்ல நீங்க அடிக்கடி வந்திருக்கீங்களா?"

"நான் எதுக்கு வரணும்? போட்டதே நான்தானே!"

பஸ் நேராகப் போய் மணிக்கூண்டைத் தொட்டது. மணிக்கூண்டுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. ரூட்டு சார் எழுந்து பெட்டியை எடுத்தார். பஸ் நிற்கவில்லை. மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி ஓட ஆரம்பித்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கோடு போடும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து, எங்கள் வாசலுக்கு வராமல் எப்படி என்று கேட்டார்கள். கோட்டைக் கொஞ்சம் வளைத்தார். கோர்ட்டுக்காரர்கள் வந்தார்கள். இன்னும் கொஞ்சம் வளைத்தார். காலேஜ், மார்க்கெட், தண்ணீர் வரி ஆபீஸ், எல்லாரும் வந்தார்கள். பென்சில்தானே, வளைப்பதற்கு என்ன கஷ்டம்? யார் மனசும் நோகக் கூடாது என்று எல்லாரையும் தொட்டுக்கொண்டு வந்து, கடைசியில்தான் மணிக்கூண்டில் நிறுத்தம் வைத்தார். காகிதத்தில் அது பார்க்க அழகாக இருந்தது.

ஆஸ்பத்திரி வந்தது, போனது. கோர்ட்டு சிக்னலில் பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. மச்சான்!

"மாப்ளே! பஸ்ஸா? நல்லது நல்லது! ஒடம்புக்கு நல்லது!"

ரூட்டு சார் ஜன்னல் பக்கம் கம்பளத்தை நகர்த்தி மறைத்துக்கொண்டார். கடைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிற கார் போய்விட்டது. பஸ் காலேஜுக்குப் போனது. மார்க்கெட்டுக்குப் போனது. ஒரு வளைவில் மறுபடி மணிக்கூண்டு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. தண்ணீர் வரி ஆபீஸுக்குப் போகிற வழியில் மச்சான் வீட்டுத் தெரு. மச்சான் குளித்து முடித்து, பனியனோடு, மொட்டை மாடியில் காபி டம்ளரும் கையுமாக நின்றார்.

"மாப்ளே! இன்னுமா போயிட்டிருக்கீங்க?"

பஸ்ஸே சிரித்தது. ரூட்டு சார் தலையைக் குனிந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரம்மா நல்ல சமயம் பார்த்துக் கண்டக்டரைக் கூப்பிட்டாள். ஆளைப் பார்த்தாலே தெரிந்தது, கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கிற வாய்.

"ஏம்ப்பா, பஸ்ஸு ஏன் இப்படிச் சுத்துது?"

"அதை ஏம்மா கேக்குறீங்க! மேலிடத்துல ஒரு மகராசன் இருக்காராம். ஏசி ரூம்ல கால் மேல கால் போட்டு உக்காந்து கோடு இழுக்கிறாராம். அவர் கையில மட்டும் நான் மாட்டினா விடமாட்டேன்."

"அப்படியா! யாரோ படிக்காதவரா இருக்குமோ?"

"படிச்சவன்தாம்மா இப்படிச் செய்வான்."

முன்சீட்டுக்காரர் திரும்பி, "அந்த ஆளை இதே பஸ்ல கட்டிப்போட்டு நாலு நாள் சுத்தவிடணும்" என்றார். பின்சீட்டு அம்மாள், "அவன் பொண்டாட்டி பாவம், அவனோட எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ" என்றாள். சாரம்மா, "ஆமாங்க, பாவம்" என்று மனசார ஒத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்? அதுவும் ஏசி ரூமாம்! ரூட்டு சார் உட்கார்ந்திருப்பது மூலை அறை. மேலே ஒரு மின்விசிறி. அதுவும் ஓடுவதை விட முனகுவதுதான் அதிகம். வெயில் காலத்தில் வியர்வை சொட்டி வரைபடத்தில் ஆறு இல்லாத இடத்தில் ஆறு ஓடும். அது தெரியுமா இந்தக் கண்டக்டருக்கு? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "ஏசி..." என்று ஆரம்பித்தே விட்டார். முன்சீட்டுக்காரர் ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு தலைகள் திரும்பின.

"ஏ... சி... சி..." என்று இழுத்து, ஒரு பெரிய தும்மலாகப் போட்டு முடித்தார்.

"நூறு வயசு," என்றார் கண்டக்டர்.

சாரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. அதைப் பார்த்ததும் ரூட்டு சாருக்கு எல்லாச் சூடும் தணிந்தது. ஜெயிக்கப் போகிறோம்! காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்கிற ஞானி நிலைக்கு வந்துவிட்டார். மிச்ச வழி முழுக்க, மேலிடத்து மகராசனை யார் எப்படித் திட்டினாலும் புன்னகையோடு தலையாட்டினார். கடைசியில் கண்டக்டரே, "சார் மாதிரி பொறுமைசாலி ரெண்டு பேர் இருந்தா நாடு உருப்பட்டுடும்" என்றார்.

ஒருவழியாக மணிக்கூண்டில் பஸ் நின்றது. இறங்கினார்கள். தோளில் கம்பளம், கையில் பெட்டி, சட்டை முழுக்க வியர்வை. ஆனால் நடையில் ஒரு மிடுக்கு. தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. வாசலில் வாட்ச்மேன். பக்கத்தில் தையற்கடை. மேலே பால்கனியில் துணி உலர்த்துகிற மாடி வீட்டு டீச்சர். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"என்னம்மா, வந்துட்டோமா?" என்றார் குஷியாக. "இன்னும் அந்த வாசப்படி ஒண்ணுதான். அந்த ரெண்டெழுத்து வார்த்தையை இப்பவே ஒரு தடவை கடைசியாச் சொல்லிக்கோ. அப்புறம் வாய்ப்பு கெடைக்காது."

சாரம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"கார் வந்துடுச்சுங்க."

கேட்டுக்குள், வாசற்படிக்கு முன்னால், புத்தம் புதுசாக ஒரு கார் நின்றது. வெள்ளைக் கார். சீட்டு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"யாருது இது?"

"நம்மளுதுதாங்க."

"நம்மளுதா?"

"நாம ஊர்ல இல்லாதப்ப கொண்டாந்து விடச் சொல்லியிருந்தேன். அண்ணன்தான் பார்த்து எடுத்தாரு. செருப்பைத் தட்டிட்டு ஏறுங்க."

அவ்வளவுதான். ரயிலடிக் கதவில் வந்தது, டாக்ஸி டிரைவரிடம் வந்தது, மொட்டை மாடிக் காபி, ஏசி ரூம், தும்மலாய்ப் போட்ட பாதி என்று அன்றைக்கு முழுங்கின கோபமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பியது. கம்பளத்தைக் கீழே போட்டார்.

"யாரைக் கேட்டு வாங்கின? யாரைக் கேட்டுங்கறேன்! நான் என்ன இந்த வீட்ல மனுஷனா, இல்ல சுவத்துல மாட்டின காலண்டரா? ரயிலுக்கு நடக்க விட்டே, பஸ்ல என்னை நாய் பேய்னு திட்ட விட்டே, அத்தனையும் பொறுத்துக்கிட்டு வந்தா, இங்க வாசல்ல காரு! அதுவும் அந்த டைல்ஸ்காரன் பார்த்து எடுத்த காரு!"

மணிக்கூண்டுப் புறாவெல்லாம் பறந்துவிட்டது. வாட்ச்மேன் திரும்பினார். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். மாடி வீட்டு டீச்சர் கையில் நனைந்த துணியோடு எட்டிப் பார்த்தாள்.

"மூணு," என்றாள் சாரம்மா.

ரூட்டு சார் அப்படியே நின்றார். மூணு! மூணுதானே! சுற்றும் முற்றும் பார்த்தார். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரே தாவலில் படி ஏறியிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கும்போது எடுத்துச் சொல்லாமல் இருக்க முடிகிறதா?

"மூணு பேர்தான்!" என்று முழங்கினார். "நல்லா எண்ணிக்கோ! மூணே மூணு பேர்! மூணு பேர் வரைக்கும் பேச்சுன்னு நீயே சொல்லியிருக்க! நான் கத்தல! நான் கத்தவே இல்லை!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. புதுசாகக் குடிவந்திருக்கிற பல் டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"யாரு சார் என் வண்டிகிட்ட நின்னு கத்தறது?"

"நாலு," என்றாள் சாரம்மா.

"உங்க வண்டியா?" என்றார் ரூட்டு சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆமா சார். நேத்துதான் எடுத்தேன். எங்க வாசல்ல பள்ளம் தோண்டிட்டாங்க. இங்க விட்டுக்கலாமான்னு இந்த அம்மாகிட்ட போன்ல கேட்டேன், விட்டுக்குங்கன்னாங்க." டாக்டர் கொஞ்சம் குனிந்து அவர் வாய்க்குள் பார்த்தார். "கடவாய்ப் பல் ரெண்டு சொத்தையா இருக்கே சார். நீங்க கத்தும்போது அங்கேர்ந்தே தெரிஞ்சுது. ஒரு நாள் வாங்க." இதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரூட்டு சார் மனைவி பக்கம் திரும்பினார். இப்போது மெதுவாகத்தான் பேசினார். இனி எப்படிப் பேசினால் என்ன?

"பொய் சொன்னியா?"

"ஆமாங்க."

"பந்தயத்துல பொய் சொல்லலாமா?"

"கத்தக் கூடாதுன்னுதானே பேச்சு? பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"அப்போ இந்தக் கம்பளம்?"

"வாங்கினது ஆசைக்குங்க. உங்க தோள்ல ஏத்தினதுதான் உங்களுக்குக் கோவம் வரட்டும்னு. அதுக்கும் நீங்க கத்தல. கண்டக்டர் அத்தனை பேசியும் கத்தல. நீங்க ஜெயிச்சிடுவீங்களோன்னு பஸ்ல எனக்குப் பயமே வந்துடுச்சு. நாளைக்குக் கார் வந்து நின்னா, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"நாளைக்கா?"

"போன மாசமே புக் பண்ணியாச்சுங்க. அண்ணனைக் கேக்கல. நானே பார்த்து எடுத்தேன்."

ரூட்டு சார் சுருட்டிக் கிடந்த கம்பளத்தின் மேல் உட்கார்ந்தார். மச்சான் பார்த்து எடுக்கவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"கலரு?"

"உங்களுக்குப் பிடிச்ச கலர்தாங்க."

"நீலமா?"

"செவப்பு," என்றாள் சாரம்மா, கதவைத் திறந்துகொண்டே. "நாளைக்குள்ள பிடிச்சிடும்."